வாசக்காலுக்குக் கீழே காளைக் காசு

போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பக்கம் வந்து "காசு அம்மா வீடு எது?" என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் நேராக என் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். என் வீட்டு வாசக்காலுக்குக் கீழே ரோமாபுரி ராஜா காலத்து வெள்ளிக் காசு ஒன்று புதைந்து கிடந்தது இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதை நானே மனசார வைத்தேன் என்பதும் எல்லோருக்கும் தெரியும். முதலாவது உண்மை. இரண்டாவது முப்பது வருஷமாக நான் சொல்லி வந்த பொய்.

அந்தப் பொய் என் வாயில் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால், காசுகள் என்னிடம் வந்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் பிறந்தது கரூரில். படிப்பு மூன்றாம் வகுப்பு. கல்யாணமான மூன்றாம் மாதம் மெட்ராஸில் கப்பலேறி நாலாம் நாள் போர்ட் பிளேரில் இறங்கினேன். என் வீட்டுக்காரருக்கு இங்கே படகுப் பட்டறையில் ஃபிட்டர் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு கிடைக்கும், மெயின்லேண்டுக்குப் போவோம். அப்படி முதல் தடவை போனபோது என் கொலுசில் கொக்கி உடைந்திருந்தது. மாற்றுவதற்காகக் கரூரில் வெள்ளி வேலை செய்கிறவர் கடைக்குப் போனேன். அவர் பக்கத்தில் ஒரு பீங்கான் தட்டு. அதில் தேய்ந்த மெட்டி, அறுந்த அரைஞாண், நசுங்கிய குழந்தை வளையல் என்று உருக்குவதற்குப் போட்டிருந்த பழசுகள். அதற்கு நடுவில் கறுப்பாகச் சட்டைப் பொத்தான் போல ஒன்று. எடுத்துக் கட்டை விரலால் துடைத்தேன். ஒரு மூக்கு தெரிந்தது.

"இது யாருங்க?"

"யாரோ சீமைக்காரன் தலைங்க அம்மிணி. ஆத்து மணலைச் சலிக்கிறவங்க கொண்டாந்து போடறது. வெள்ளி சுத்தமா இருக்கும். உருக்கீருவோம்."

"உருக்கறதா? மூஞ்சி இருக்குதே."

"மூஞ்சிக்குத் தனியா எடை போடறதில்லீங்க."

நான் தட்டில் திரும்பப் போடவில்லை. புருவம், மூக்கு, மோவாய் எல்லாம் நேற்று செதுக்கியதுபோல இருக்கிற ஒரு முகத்தை நெருப்பில் போட எப்படி மனசு வரும்? கொக்கிக்கு என்று நான் கொண்டுபோயிருந்த உடைந்த வெள்ளிச் சங்கிலித் துண்டைக் கொடுத்துவிட்டு, கொக்கி இல்லாமல் அந்தக் காசை வாங்கிக்கொண்டு வந்தேன். கொலுசை நூலால் கட்டிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது கப்பலில் அதை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அந்தமானுக்குப் போறவங்க புளி கொண்டு போவாங்க, மொளகாய் கொண்டு போவாங்க. நீ ஒரு ஆளோட தலையைக் கொண்டு போறியே."

அது ரோமாபுரிக் காசு என்று சொன்னது எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டு வீடு தள்ளியிருந்த வங்காளி வாத்தியார். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவர். அட்லஸ் பார்க்கிற பூதக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அந்தக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றியிருந்த எழுத்தை ஒவ்வொன்றாக வாசித்தார். "பௌதி, தோ ஹஜார் சால் புரானா ஹை" என்றார். பௌதி என்றால் அண்ணி. இரண்டாயிரம் வருஷம் பழசாம். ராஜா பேரும் சொன்னார், அது என் நாக்குக்குப் பிடிபடவில்லை. மிளகு வாங்குவதற்காகக் கப்பலில் நம் ஊருக்கு வந்த காசு, நம் ஊர் ஆற்றுக்குள் போய்விட்டது என்று விளக்கினார். பிறகு இரண்டு சொன்னார். ஒன்று, எந்தக் காரணத்துக்கும் இதைத் தேய்க்கக் கூடாது. "கறுப்பு அதோட தோல், பௌதி. உரிக்காதீங்க." இன்னொன்று, இந்தத் தீவு முழுக்கத் தேடினாலும் வேறு யாரிடமும் இது இருக்காது.

முதலில் சொன்னதை மறந்தேன். இரண்டாவதாகச் சொன்னதை ஒரு நாளும் மறக்கவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் அந்தக் கடைக்குப் போவேன். அவரும் எனக்கென்று ஒரு தகர டப்பாவில் எடுத்து வைத்திருப்பார். சில தடவை ஒன்று இருக்கும், சில தடவை ஒன்றும் இருக்காது. நான் உள்ளே நுழைந்ததும், "ரோமாபுரிக்கு ஆள் வந்தாச்சு, பாய் போடுங்க" என்பார். போலியும் வரும். ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு கோடு தட்டினால் யாரோ அச்சில் வார்த்தது. நிஜக் காசு அடித்துச் செய்தது, அதில் கோடு இருக்காது. வட்டமும் சரியாக இருக்காது, ஓரம் ஒரு பக்கம் வெடித்திருக்கும். சீமை எழுத்து தெரியாத எனக்கு இந்த நகம்தான் பூதக் கண்ணாடி. என் நகம் ஏமாந்தது ஒரே ஒரு தடவை. அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

இங்கே கடல் காற்றில் வெள்ளி நாலு நாளில் கறுத்துவிடும். விளக்கு, குங்குமச் சிமிழ், குழந்தை சங்கு எதுவும் தப்பாது. காசுகளைப் பஞ்சில் சுற்றிப் பால் பவுடர் டின்னில் வைத்திருந்தேன். ஈரம் இழுக்கட்டும் என்று வாத்தியார் அதற்குள் இரண்டு சாக்பீஸ் போடச் சொன்னார். அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துச் சாக்பீஸில் கொஞ்சம் ரோமாபுரிக்குச் செலவானது.

கிடைத்ததில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் நாற்காலியில் ஒரு அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். அவள் உட்கார்ந்திருக்கிற தோரணை எனக்குப் பிடிக்கும். எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்க மாட்டாள் போல இருக்கும். வேறு படம் வருவது அபூர்வம் என்று வாத்தியார் சொல்வார்.

அந்த அபூர்வம் ஒரு நாள் வந்தது. என் பையன் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த வருஷம். கடைக்காரர் டப்பாவைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு சிரித்தார். "அம்மிணி, இன்னிக்கு உங்களை அழ வெக்கப் போறேனுங்க" என்றார். பழைய நாலணா அகலம்தான். அதைவிடக் கொஞ்சம் தடிமன். ஒரு பக்கம் மாலை கிரீடம் எதுவும் இல்லாத இளம் வயசு ராஜா. திருப்பினேன். ஒரு காளை. முன்னங்கால் ஒன்றை மடக்கி, தலையைத் தாழ்த்தி, வாலை முதுகுக்கு மேல் சுழற்றிக்கொண்டு முட்ட வருகிறது. திமில் மட்டும் நம் ஊர் மாட்டுக்கு இருக்கிற மாதிரி இல்லை. மற்றபடி அந்தக் கோபம் எனக்குத் தெரிந்த கோபம்.

"எடைக்கு எடைன்னா உங்க கொலுசுல ஒண்ணே போதுமுங்க, அதுலயும் மீதி வரும்" என்றார்.

நான் அங்கேயே குனிந்து இரண்டு கொலுசையும் கழற்றினேன். "ஒத்தைக் கொலுசை வெச்சு நான் என்ன பண்ணட்டும்? ரெண்டையும் வெச்சுக்கங்க." அவர் நான் சொன்னதை மறுக்கவில்லை, வியாபாரிதானே.

வீட்டுக்கு வந்ததும் என் நாத்தனார் முதலில் பார்த்தது என் காலைத்தான். என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"ஏம்புள்ள, காலு மொட்டையா இருக்குது?"

"மாத்திட்டேனுங்க நங்கை."

"எதுக்கு மாத்துனே?"

காட்டினேன். முன்னும் பின்னும் பார்த்தார். "எங்கய்யன் போட்ட கொலுசைக் குடுத்து ஒரு எருமைக்கன்னை வாங்கியாந்திருக்கா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அந்தக் கொலுசு என் மாமனார் போட்டதில்லை, என் அப்பா போட்டது. அது போகட்டும். எருமைக்கன்று என்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தமானுக்குக் கொண்டுவந்து காட்டியபோது வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். இந்தக் காளை நம் ஊர்ப் பக்கம் அதிகம் கிடைக்காது, இதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்றார். அவருடைய மனைவியை, பெண்ணை, பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். என் சமையல்கட்டில் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று பார்த்தார்கள். அன்றைக்கு நான் நடந்த நடையை என் வீட்டுக்காரர் ரொம்ப நாள் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் டெய்ரி ஃபார்மில் இந்த வீட்டைக் கட்டத் தொடங்கினோம். சிமெண்டும் மரமுமாக. வாசக்கால் படாக் மரம், இந்தத் தீவு மரம், சிவப்பாக இரும்பு போல இருக்கும். வடக்கே திக்லிபூரிலிருந்து வந்த வங்காளித் தச்சர் செதுக்கினார். வாசக்கால் நிறுத்துகிற நாளுக்கு ஐந்து நாள் முன்னால் நங்கை கப்பலில் வந்து இறங்கினார். கப்பலில் வந்த நாலு நாளும் வாந்தி. வீட்டுக்கு வந்ததும் வாந்தியைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னார், பிறகு என் சாம்பாரைப் பற்றிச் சொன்னார்.

எங்கள் வழக்கத்தில் வாசக்கால் நிறுத்தும்போது அதன் அடியில் நவதானியம், நவரத்தினக் கல் பொட்டலம், பொடிப்பொடியாக ஐந்து உலோகம், ஒரு வெள்ளிக் காசு வைப்போம். அதை வைப்பது வீட்டுக்காரரின் கூடப்பிறந்தவள். அதாவது நங்கை. புது வெள்ளிக் காசு கொண்டுவர வேண்டியதும் அவர்தான்.

அன்று காலை நான் ஒரு காரியம் செய்தேன். நங்கை வந்ததிலிருந்து, பூஜைக்குப் பக்கத்தில் கறுத்த சாமான் எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் நாற்பது பேர் வருகிறார்கள். பட்டறைக்காரர்கள், பெரிய ஆபீசர் ஒருவர், அவர் மனைவி. என் காசுகளை அவர்கள் பார்க்க வேண்டும், அதுவும் பளபளவென்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. குத்துவிளக்கைத் தேய்த்த கையோடு விபூதியை ஈரத்துணியில் தொட்டு எல்லாக் காசையும் தேய்த்தேன். காளையையும் தேய்த்தேன். இரண்டாயிரம் வருஷத்துத் தோல் கால் மணி நேரத்தில் உரிந்தது. ராஜா கன்னம் புது டம்ளர் மாதிரி மின்னியது. வெற்றிலைத் தட்டில் பரப்பி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். ரோமாபுரி ராஜாக்கள் எல்லாம் நெற்றியில் பொட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

முகூர்த்த நேரம். தச்சரும் மிஸ்திரியும் வாசக்காலைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார்கள். நங்கை மடியில் கையை விட்டார், இடுப்பைத் தடவினார், பையைக் கொட்டினார். கொண்டுவந்த காசு இல்லை. மெட்ராஸில் சொந்தக்காரர் வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். புரோகிதர் அவசரப்படுத்தினார். நங்கை சுற்றிலும் பார்த்தார். சாமி படத்துக்கு முன்னால் வெற்றிலைத் தட்டில் வெள்ளிக் காசுகள் மின்னுகின்றன. நடந்து போய் ஒன்றை எடுத்து வந்து குழியில் போட்டுவிட்டார். மற்றவை தட்டோடு இருந்தன. போனது எது என்று நான் கிட்டே போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. குழியில் மேல்பக்கமாக விழுந்திருந்தது காளைதான்.

மிஸ்திரி கரண்டியில் கலவையை எடுத்துவிட்டார். அவர் ராஜமுந்திரிக்காரர், எங்களோடு இந்தியில் பேசுவார். கலவைக்கு மசாலா என்பார். "மசாலா டாலூம், பாபு?" என்றார்.

என் வீட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். "ருக்கோ." பிறகு என்னைப் பார்த்தார். "இது உன்ற காளையாச்சே. எடுத்துடட்டுமா?"

அந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் வாய் திறப்பதற்குள் நங்கை பேசிவிட்டார்.

"அய்யோ, அது ஒசந்த காசா அம்மிணி? தெரியாம எடுத்துப்போட்டேன். எடுத்துக்கச் சொல்லுடா தம்பி. அவளுக்கு வீட்டைவிடக் காசுதான பெருசு. குழியில வெச்சதைத் திரும்ப எடுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. எடுத்துக்கட்டும்."

நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள். ஆபீசர் மனைவியும் பார்த்தார்.

"எதுக்குங்க எடுக்கறது?" என்றேன். "நானே அதைத்தான் வெக்கணும்னு நெனச்சுத் தேய்ச்சு வெச்சேன். என் வீட்டுக்கு வெக்காத காசை வேற எதுக்கு வெச்சிருக்கேன்?"

என் வீட்டுக்காரர் கையை இறக்கவில்லை. "நெசமாவா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"போடச் சொல்லுங்க."

மசாலா விழுந்தது. முதல் கரண்டி காளையின் முகத்தில் விழுந்தது, இரண்டாவது கரண்டியில் ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். ஆபீசர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும் என்று இந்தியில் சொன்னார். பந்தியில் நான்தான் பாயசம் பரிமாறினேன்.

வாத்தியார் அன்று ஊரில் இல்லை. ஒரு வாரம் கழித்து வந்து விஷயம் கேட்டார். அன்று தட்டில் வைத்திருந்த மற்ற காசுகளை எடுத்துப் பார்த்தார், தேய்த்திருப்பதைப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பௌதி, நீங்க செஞ்சதை என்னால செய்ய முடியாது" என்றார். திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். கும்பிட்டுவிட்டாரே, பிறகு எப்படிச் சொல்வது?

அப்படித்தான் நான் காசு அம்மா ஆனேன். தெருப் பிள்ளைகள் விளையாட வந்தால் வாசற்படியை மிதிக்காமல் தாண்டுவார்கள், "நீச்சே ராஜா ஹை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். கீழே ராஜா இருக்கிறாராம். கல்யாணம் நிச்சயமான பெண்களைக் கூட்டிவந்து படியைத் தொட வைப்பார்கள். நானும் ஒவ்வொருவருக்கும் கதை சொல்வேன். சொல்லச் சொல்ல எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை வரும். படியைக் கழுவி மஞ்சள் பூசிப் பொட்டு வைக்க உட்காருவேன். தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டு சாண் கீழே அது கிடக்கிறது. விரல் அந்த இடத்தில் தானாக நிற்கும். "இரு, வரேன்" என்று சொல்வேன். எப்போது வருவேன், எப்படி வருவேன் என்று எனக்கே தெரியாது.

அந்தக் காலத்தை இப்போது நினைத்தால் எல்லாமே அந்தப் படியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. சாயந்திரம் பட்டறை விட்டு வந்து என் வீட்டுக்காரர் படிக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்காருவார். கிரீஸ் போவதற்காகக் கையை மண்ணெண்ணெய்த் துணியில் துடைப்பார். நான் படிக்கு உள்ளே உட்கார்ந்து கீரை ஆய்வேன். எங்கள் இருவருக்கும் நடுவில் காளை. மழை வந்தால் அவர் ஸ்டூலோடு உள்ளே வருவார். இங்கே வருஷத்தில் எட்டு மாசம் மழை, அதனால் அவர் உள்ளே இருந்த நேரம்தான் அதிகம். ரேடியோவில் கப்பல் வருகிற நேரம் சொல்வார்கள். நங்கை கப்பலில் வருகிறார் என்றால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

சுனாமி வந்த வருஷம், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வீடு ஊஞ்சல் போல ஆடியது. எல்லோரும் தெருவில் ஓடி நின்றோம். நின்றதும் நான் திரும்பிப் பார்த்தது வாசற்படியை. விரிசல் விட்டிருக்கிறதா என்று. அப்போது தெற்கே கட்சால் தீவில் என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது. ரப்பர் தோட்டத்துக்காரர்கள் எத்தனை பேர் எங்களுக்குப் பழக்கம். அவர்களில் பலரைக் கடல் கொண்டுபோனது இரண்டு நாள் கழித்துத் தெரிந்ததும், படியைப் பார்த்த அந்தப் பார்வையை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

சுவரில்தான் விரிசல். சரிசெய்ய மிஸ்திரி வந்தார், அதே மிஸ்திரி, கொஞ்சம் நரைத்திருந்தார். அன்று என் வீட்டுக்காரர் சமையல்கட்டுக்கு வந்து நின்றார்.

"மிஸ்திரி உளி சுத்தியல் எல்லாம் கொண்டாந்திருக்கான். வேற ஏதாச்சும் சோலி இருந்தாச் சொல்லு. பண்ணிடலாம்."

"வேற என்ன சோலி? ஒண்ணும் இல்லீங்க."

"வாசல் பக்கம்?"

"வாசல் நல்லாத்தான இருக்குது."

தண்ணீர் குடித்தார், போய்விட்டார். அவர் என்ன கேட்டார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். பத்து வருஷமாக ஊருக்குச் சொன்ன பெருமையை ஒரு மிஸ்திரிக்கு முன்னால் உடைக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் போய் இப்போது ஏழு வருஷம் ஆகிறது. நங்கை அதற்கு முன்பே போய்விட்டார். வாத்தியார் கல்கத்தாவில் மகள் வீட்டில் இருக்கிறார், காது கேட்பதில்லை. உண்மையைச் சொன்னால் வருத்தப்பட யாரும் பாக்கி இல்லை. இருந்தும் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. தெருவில் ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே போகிறது, எங்கள் வீடு பள்ளமாகிவிட்டது. என் பையன் தரையை உயர்த்த வேண்டும் என்றான். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், துறைமுகத்தில் வேலை. பாதி இந்திதான் பேசுவான்.

"அம்மா, வாசக்காலை ஒரு அடி தூக்கி நிறுத்தணும். டென்ஷன் மத் லோ. உங்க காசை யாரும் தொட மாட்டாங்க. பழைய குழியை அப்படியே விட்டுட்டு மேலேயே கான்கிரீட் போட்டுடலாம்னு மிஸ்திரி சொல்றாரு."

"சரி" என்றேன்.

நாலு நாள் வேலை நடந்தது. வாசக்காலை அசைத்துக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். முப்பது வருஷம் கழித்தும் படாக் மரம் அடியில்கூட உளுக்கவில்லை. அது நின்ற இடத்தில் பழைய சிமெண்டு ஒரு திண்டு போலத் தெரிந்தது. நான் போகிறபோதும் வருகிறபோதும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதற்கு மேல் ஒரு அடி கான்கிரீட் விழுந்தால் பிறகு என் ஆயுசில் அது வெளியே வராது. எனக்கு எழுபத்திரண்டு வயசு. மருமகள் இரண்டு தடவை, "அத்தை, சாப்பிடாம என்ன யோசனை?" என்று கேட்டாள். ரத்த அழுத்தம் என்றேன்.

ஐந்தாம் நாள் காலை கலவை தயாரானது. புது மிஸ்திரி, பழையவரின் மருமகன். சட்டியைத் தூக்கிவிட்டார். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"ருக்கோ" என்றேன்.

எல்லோரும் நின்றார்கள். என் பையன் திரும்பிப் பார்த்தான்.

"அந்தக் காசு எனக்கு வேணும்" என்றேன். "அதை நான் வெக்கலை. உங்க அத்தை எடுத்துப் போட்டாங்க. நாப்பது பேர் முன்னால வேணும்னு கேக்க எனக்கு மானம் விடலை. அதனால நான்தான் வெச்சேன்னு சொன்னேன். இத்தனை வருஷம் பொய்தான் சொன்னேன். தோண்டி எடுத்துக் குடு."

தெருவில் இரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும் என்று இருந்தது.

என் பையன் சட்டியை மிஸ்திரி கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தான். சிரிக்கிறானா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அப்பா என்கிட்ட சொல்லியிருக்காரும்மா" என்றான்.

"என்ன சொன்னாரு?"

"ஆஸ்பத்திரியில இருந்தப்ப. 'உங்கம்மா என்னைக்காவது அந்தக் காளையைக் கேப்பா. கேட்டா வீட்டைப் பேத்தாவது எடுத்துக் குடு. அவ கேக்காம நீயா எடுத்துடாதே, கோவிச்சுக்குவா'ன்னு சொன்னாரு. நாலு நாளா நானும் பாத்துட்டே இருக்கேன், கேப்பீங்களான்னு. இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா மசாலாவைக் கொட்டியிருப்பேன். என்ன அம்மா நீங்க."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தெரிந்துகொண்டே சாகிறவரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறாரே மனுஷன். பிறகு நினைத்தேன், அவர் கேட்காமல் இல்லை. குழிக்கு முன்னால் இரண்டு தடவை கேட்டார், சமையல்கட்டில் ஒரு தடவை கேட்டார். நான்தான் மூன்று தடவையும் வேண்டாம் என்றேன். என்னைத் தலை குனிய வைக்காமல் அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. பிள்ளையிடம் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மிஸ்திரி உளியை வைத்துத் தட்டத் தொடங்கினார். பொறுமையாகத் தட்டச் சொன்னேன். தானியம் ஒன்றும் இல்லை, அது இருந்த இடம் மட்டும் பொடிப்பொடிக் குழிகளாக இருந்தது. செம்புத் துண்டு பச்சையாக வந்தது. கற்கள் இரண்டோ மூன்றோ வந்தன. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அன்றைக்கே யாராவது எடுத்திருப்பார்களோ, நான் வெறும் சிமெண்டுக்கு முப்பது வருஷம் பொட்டு வைத்தேனோ என்று நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன். "அம்மா, யே க்யா ஹை?" என்று மிஸ்திரி ஒரு சிமெண்டுக் கட்டியை நீட்டினார். கட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தில் நகத்தை ஓட்டினேன். கோடு தட்டவில்லை.

பாத்திரம் தேய்க்கிற சபீனா பவுடர் கொண்டுவரட்டுமா என்று மருமகள் கேட்டாள். வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும் என்றேன். கட்டியைத் தண்ணீரில் போட்டு, ஈர்க்குச்சியால் மெதுவாக ஒதுக்கினேன். ராஜா பக்கம் சுண்ணாம்பு பிடித்துவிட்டது, முகம் பாதிதான் இருக்கிறது. நான் விபூதி போட்டுத் தேய்த்த மின்னல் போய், கறுப்பு பழையபடி வந்திருக்கிறது. திருப்பினேன். மடக்கிய முன்னங்கால், தாழ்ந்த தலை, சுழற்றிய வால். கோபம் குறையவில்லை.

"அம்மா, வாசக்காலுக்கு அடியில வெள்ளி ஏதாவது வைக்கணுமே" என்றான் பையன். "டின்ல இருந்து வேற ஒண்ணு எடுத்துட்டு வரட்டுமா?"

"என் டின்னுல கை வெக்காதே" என்றேன். "பஜாருக்குப் போய் புதுசா ஒரு வெள்ளிக் காசு வாங்கிட்டு வா."

"இப்பவா? கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்மா."

"மசாலா சூக் ஜாயேகா, அம்மா" என்றார் மிஸ்திரி. கலவை காய்ந்துபோகுமாம்.

"காயட்டும்" என்றேன். "வேற கலக்கிக்கலாம். எல்லாரும் உக்காருங்க, டீ போடச் சொல்றேன்."